பதறும் கை எங்கே பிசகுகிறது: மீட்புப் பணியாளரின் மனவெழுச்சி நுண்ணறிவு, பதகளிப்பு, வேலைத்திறன்

இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி மூச்சுக் கொடுக்கும் முதலுதவி சிபிஆர். அதில் நெஞ்சை அழுத்தும் கைக்கு ஒரு கணக்கு உண்டு. நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. வளர்ந்தவர் என்றால் 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழம். ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலெழும்ப வேண்டும். 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. பயிற்சிக் கூடத்தில் பொம்மைமீது இதைப் பிசகில்லாமல் செய்கிற ஒருவர், திருகோணமலையின் நிலாவெளிக் கரையில் கிடத்தியிருக்கும் ஆளின் மனைவி பக்கத்தில் மணலில் விழுந்து கதறும்போது செய்யும் சிபிஆரை எண்ணிப் பாருங்கள்; 140ஐத் தாண்டிவிடும். வேகம் ஏற ஏற ஆழம் குறையும். நெஞ்சு மேலெழும்ப நேரம் இராது, இதயத்துக்குள் இரத்தம் நிரம்பாது. சுற்றி நிற்பவர்களுக்கோ அவர் வெகு மும்முரமாக வேலை செய்வதாகத்தான் தெரியும்.

அறிவு குறைந்ததால் வந்த பிழையல்ல இது. கணக்கு அவருக்கு மனப்பாடம். தன் படபடப்பைக் கையிலிருந்து பிரித்தெடுக்கத்தான் அந்த நேரத்தில் முடியவில்லை. அனர்த்தம் ஒன்று வந்து போன பிறகெல்லாம் “மீட்புப் பணியாளருக்கு மனவெழுச்சி நுண்ணறிவுப் பயிற்சி தேவை” என்ற பேச்சு எழுவதும், “மனவெழுச்சி நுண்ணறிவு கூடினால் பதகளிப்பு குறையும், பதகளிப்பு குறைந்தால் வேலை சிறக்கும்” என்று ஆய்வுகளை ஒரே வரியில் சுருக்கிச் சொல்வதும் இதனால்தான். (மனவெழுச்சி நுண்ணறிவு என்பது உணர்ச்சியை அறிந்து கையாளும் திறன்; பதகளிப்பு என்பது வரப்போவதை எண்ணி எழும் பதற்றம்.) அந்த வரியில் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்று பெரிய சொற்களைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு முடிச்சு எங்கே இருக்கிறதென்று அது சொல்வதில்லை. முடிச்சைத் தெரியாமல் பயிற்சி நடத்தினால், மண்டபத்தில் ஒரு நாள் விரிவுரையும் மத்தியானச் சாப்பாட்டுப் பொதியும்தான் மிஞ்சும்.

திருகோணமலையில் மீட்புப் பணியாளர் என்றால் யார்?

சீருடை போட்டவர்களை முதலில் சொல்லலாம். 1990 இலக்கத்தை அழைத்தால் வரும் சுவசெரிய நோயாளர் காவு வண்டியில் இருவர் இருப்பார்கள்: அவசர மருத்துவ உதவியாளர் ஒருவர், பைலட் என்று அழைக்கப்படும் சாரதி ஒருவர். இந்திய அரசின் நன்கொடையில் 2016 ஜூலையில் மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளோடு தொடங்கிய இச்சேவை பிறகு நாடு முழுவதற்கும் விரிந்தது. நகரத் தீயணைப்புப் பிரிவு, கிழக்குக் கடற்படைக் கட்டளையகத்தின் சுழியோடிகள், கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தினதும் பொலிஸினதும் உயிர்காப்பு வீரர்கள், 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் மாவட்ட அலுவலர்கள், வைத்தியசாலைகளின் விபத்துப் பிரிவில் நிற்கும் தாதியர் எல்லோரும் இந்த வட்டத்துக்குள் வருவார்கள்.

சீருடை போடாதவர்கள் பல நேரங்களில் இவர்களுக்கு முந்திவிடுவார்கள். 2021 நவம்பர் 23 காலை, கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டி முடியாத நிலையில் சனங்களை ஏற்றிச் சென்ற படகுப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகளும் உயிரிழந்தார்கள். இப்படியான இடங்களில் முதலில் தண்ணீரில் இறங்குவது கரையில் நிற்கிற ஊரவர்தான். 2004 டிசம்பர் 26 சுனாமி அன்றும் அப்படித்தான். பயிற்சி பெற்றவர் வந்து சேரும்போது, பயிற்சி பெறாத பத்துப் பேர் ஏற்கெனவே அழுதுகொண்டும் இழுத்துக்கொண்டும் இருப்பார்கள். அவர்களைக் கையாள்வதும் வேலையின் ஒரு பங்கு. கடமைப் பட்டியலில் அது எழுதப்பட்டிருக்காது.

மூன்று சொற்களும் குறிப்பது என்ன?

*மனவெழுச்சி நுண்ணறிவு.* 1990இல் பீட்டர் சலோவே, ஜோன் மேயர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் இந்தக் கருத்துக்கு வடிவம் கொடுத்தார்கள். 1995இல் டானியல் கோல்மன் எழுதிய நூலால் அது உலகம் முழுக்கப் பரவியது. பரவும்போது நல்ல குணம், தலைமைத்துவம், வெற்றி என்று கண்டதையெல்லாம் கூட அள்ளிக்கொண்டும் போனது. சலோவேயும் மேயரும் 1997இல் திருத்திக் கொடுத்த வடிவம் சிக்கனமானது. அதில் நான்கு திறன்கள் மட்டுமே உண்டு:

1. உணர்ச்சியை இனங்காணல். தன் நெஞ்சு படபடப்பதையும், எதிரில் நிற்பவர் கத்துவது கோபத்தாலா பயத்தாலா என்பதையும் கண்டுகொள்வது.
2. உணர்ச்சியைச் சிந்தனைக்குப் பயன்படுத்தல். லேசான பயம் வந்தால் அதை “இன்னொருமுறை சரிபார்” என்ற சைகையாக எடுத்துக்கொள்வது.
3. உணர்ச்சியை விளங்கிக்கொள்ளல். “ஏன் இவ்வளவு நேரம்?” என்று சட்டையைப் பிடிக்கிற தகப்பனின் கோபம் இன்னும் இரண்டு நிமிடத்தில் அழுகையாக உடையும் என்று முன்கூட்டியே அறிவது.
4. உணர்ச்சியை நெறிப்படுத்தல். தன் பதற்றத்தையும் மற்றவர் பதற்றத்தையும் வேலை நடக்கிற அளவுக்கு இறக்கிவைப்பது.

இதில் “அமைதியான ஆள்” என்ற குணம் எங்கும் வரவில்லை. அமைதியாகத் தெரிகிற சிலருக்கு முதல் திறனே இராது; உள்ளே என்ன நடக்கிறதென்று அவர்களுக்கே தெரியாது.

*பதகளிப்பு.* ஆபத்து கண்முன் நிற்கும்போது வருவது பயம். வரப்போகிறதோ என்று மனம் முன்னே ஓடும்போது வருவது பதகளிப்பு. உளவியலாளர் சார்ள்ஸ் ஸ்பீல்பேர்கர் இதை இரண்டாகப் பிரித்தார். ஒன்று நிலைப் பதகளிப்பு: இந்த நிமிடத்தில், இந்த அழைப்பில் எழுவது. மற்றது இயல்புப் பதகளிப்பு: ஒருவர் எங்கே போனாலும் கூடவே கொண்டு திரிவது. அவருடைய வினாக்கொத்தில் ஒவ்வொன்றுக்கும் 20 கூற்றுகள் உண்டு. புள்ளி 20 முதல் 80 வரை போகும். இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவதுதான் பயிற்சிகள் வழுக்கும் முதல் இடம். ஆழ்மூச்சு நிலைப் பதகளிப்பை இறக்கும். பதினைந்து வருடமாகக் கூட வருகிற இயல்புப் பதகளிப்பை ஒரு மூச்சுப் பயிற்சி அசைக்காது.

*வேலைத்திறன்.* மீட்புப் பணியில் இதை “ஆள் பிழைத்தாரா” என்று அளக்கவே கூடாது. எல்லாம் சரியாகச் செய்தும் ஆள் இறக்கலாம். பாதி பிழைவிட்டும் ஆள் தப்பலாம். அளக்க வேண்டியவை வேறு: வேலை நுட்பம், சக பணியாளரோடும் உறவினரோடும் நடந்த பேச்சு, நோயாளியை வைத்தியசாலையில் ஒப்படைக்கும் கையளிப்பும் எழுத்தறிக்கையும். பதகளிப்பு இவை எல்லாவற்றையும் ஒரே அளவில் தாக்குவதில்லை என்பதுதான் இந்த விடயத்தின் உயிர்நாடி.

பதகளிப்பு உள்ளே என்ன செய்கிறது?

“கொஞ்சம் பதற்றம் நல்லது, கூடினால் கெடுதி” என்று பயிற்சிகளில் தலைகீழான கிண்ணம்போல ஒரு வளைவு வரைந்து காட்டுவார்கள். அதன் மூலம் 1908இல் யேர்க்ஸ், டொட்சன் என்ற உளவியலாளர் இருவரும் எலிகளை வைத்துச் செய்த பரிசோதனை. இரண்டு பெட்டிகளில் சரியானதைத் தெரிந்தெடுக்க எலிகளைப் பழக்கினார்கள். பிழையான பெட்டிக்குள் போனால் மின்னதிர்ச்சி. பெட்டிகளின் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தபோது அதிர்ச்சி கூடக் கூட எலி விரைவாகப் பழகியது. வித்தியாசம் நுணுக்கமானபோது நடுத்தர அதிர்ச்சியே சிறந்ததாக இருந்தது. எலியையும் நோயாளர் காவு வண்டியையும் நேரே ஒப்பிட ஏலாது. ஆனால் ஒரு பாடம் எடுக்கலாம்: எளிய, பழகிய வேலையைப் பதற்றம் அவ்வளவாகத் தொடாது, சில நேரம் வேகப்படுத்தும், கணக்கும் தெரிவும் உள்ள வேலையைக் குலைக்கும்.

ஏன் அப்படி? உளவியலாளர் மைக்கல் ஐசென்க்கும் கூட்டாளிகளும் தரும் விளக்கம் இது. கவலை என்பது மனதுக்குள் ஓடுகிற பேச்சு. “செத்துப்போவாரோ, என்னைத்தான் குற்றம் சொல்லுவினமோ” என்று அது ஓடிக்கொண்டே இருக்கும். இலக்கங்களையும் அறிவுறுத்தல்களையும் சில விநாடிகள் ஏந்தி வைத்திருக்கிற செயல்படு நினைவுக்கு இடம் மிகக் கொஞ்சம். அந்த இடத்தைத்தான் இந்தப் பேச்சு பிடித்துக்கொள்கிறது. மிச்ச இடத்தில் வேலையை முடிக்க இரட்டிப்பு முயற்சி தேவைப்படும். அதனால் வெளியில் வேலை சரியாக நடப்பதுபோலவே தெரியும். உள்ளே எரிபொருள் வேகமாகத் தீர்ந்துகொண்டிருக்கும். முதல் நோயாளியிடம் பிழை வராமல் மூன்றாவது நோயாளியிடம் வருவது இதனால்.

கிட்டத்தில் வைத்துப் பார்க்க, அட்ரினலினை எடுத்துக்கொள்ளலாம். கடும் ஒவ்வாமையில் தசைக்குள் ஏற்றுவது 1:1000 செறிவு; அதில் ஒரு மில்லிலீற்றருக்கு 1 மில்லிகிராம் மருந்து. இதயம் நின்றவருக்கு நாளத்தில் ஏற்றப் பயன்படுவது 1:10,000. அதில் ஒரு மில்லிலீற்றருக்கு 0.1 மில்லிகிராம். 15 கிலோ எடையுள்ள பிள்ளையின் இதயம் நின்றுவிட்டால், கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் வீதம் 0.15 மில்லிகிராம் வேண்டும். 1:10,000இல் அது 1.5 மில்லிலீற்றர். அவசரத்தில் 1:1000 குப்பியை உடைத்து அதே 1.5 மில்லிலீற்றரை எடுத்தால் மருந்து பத்து மடங்காகிவிடும். மேசையில் இருந்து பார்த்தால் ஐந்தாம் வகுப்புக் கணக்கு. ஆட்டம் கொடுக்கும் வண்டிக்குள், சைரன் சத்தத்தில், தாய் கையைப் பிடித்து இழுக்கும்போது அது ஐந்தாம் வகுப்புக் கணக்காக இராது.

கனடாவில் துணை மருத்துவர்களை வைத்து 2005இல் வெளியான ஆய்வு இதைத்தான் காட்டியது: நெருக்கீடு மிகுந்த, நிஜம்போல நடித்துக் காட்டும் பாவனைச் சம்பவம் ஒன்றுக்குப் பிறகு அவர்களுடைய மருந்தளவுக் கணக்கு சறுக்கியது. அதே ஆய்வு வட்டத்திலிருந்து 2012இல் வந்தது இன்னும் சுவையானது. செய்ய வேண்டிய படிகளைப் பட்டியல்படி செய்வதில் நெருக்கீடு பெரிய வித்தியாசத்தைக் காட்டவில்லை. மொத்தத் தரமதிப்பீடு இறங்கியது. பிறகு எழுதிய அறிக்கையில், நடக்காததை நடந்ததாக எழுதும் பிழை கூடியது. பொய் சொல்ல நினைத்து எழுதுவதில்லை. விட்ட இடைவெளியை மனம் தானாக நிரப்பிவிடுகிறது.

ஆக, பதகளிப்பு பிடித்துக்கொள்ளும் இடங்களை வரிசைப்படுத்தினால்:

1. பார்வை ஒடுங்கும். இரத்தம் வழிகிற காலையே பார்த்துக்கொண்டு, பக்கத்தில் சத்தமில்லாமல் மூச்சுத் திணறுகிறவரை விட்டுவிடுவார்கள். பல பேர் காயப்பட்ட இடத்தில் கத்துகிறவரைவிடக் கத்தாதவருக்கே ஆபத்து கூட.
2. தாளம் ஓடும். சிபிஆர் வேகம், செயற்கைச் சுவாசம் கொடுக்கும் பையை அமுக்கும் வேகம், பேச்சின் வேகம் எல்லாம் சேர்ந்து ஏறும். பையை வேகமாக அமுக்கினால் வயிற்றுக்குள் காற்றுப் போகும், வாந்தி வரும்.
3. கணக்குத் தவறும்.
4. கட்டளை காற்றில் போகும். “யாராவது ஒக்சிசன் எடுங்கோ” என்றால் ஒருவரும் எடுக்கமாட்டார்கள், அல்லது இரண்டு பேர் ஒரே உருளையைப் பிடித்து இழுப்பார்கள்.
5. நினைவு கலங்கும், கையளிப்பும் அறிக்கையும் கெடும்.

இந்தப் பட்டியலில் முதலாவதும் நான்காவதும் எமது ஊர்களில் அதிகம் காணப்படுபவை. ஐந்தாவது அதிகம் காணப்படாதது. ஏனென்றால் அதை யாரும் தேடிப் பார்ப்பதில்லை.

மனவெழுச்சி நுண்ணறிவு எந்த இடத்தில் கை கொடுக்கிறது?

ஜோசப், நியூமன் என்ற இரு ஆய்வாளர்கள் 2010இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் படிக்கட்டு மாதிரி ஒன்றை முன்வைத்தார்கள். இனங்காணல் முதற்படி, விளங்கிக்கொள்ளல் அடுத்தது, நெறிப்படுத்தல் அதற்கு மேல், வேலைத்திறன் கடைசி. உணர்ச்சியைக் கையாளவேண்டிய தேவை அதிகமுள்ள தொழில்களிலேயே இந்தப் படிக்கட்டு நன்றாக வேலை செய்கிறது என்பதும் அவர்கள் கண்டது. கணக்குப் புத்தகம் எழுதுகிறவருக்கு இதனால் பெரிய ஆதாயம் இல்லை. மீட்புப் பணியாளருக்கு உண்டு.

முதற்படியைத் தாண்டி மேலே ஏற ஏலாது என்பதைக் கவனிக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் முதற்படிதான் சிக்கலான படி. அதற்கு இரண்டு காரணங்கள்.

ஒன்று, “சமாளிக்கலாம்” என்ற பழக்கம். கை நடுங்கினால் சட்டைப் பைக்குள் போட்டு மறைப்பது, கேட்டால் “ஒண்டுமில்லை” என்பது. உணர்ச்சியை அடக்குதல் வேறு, வேறு கோணத்தில் பார்த்து இறக்குதல் வேறு என்று உளவியலாளர் ஜேம்ஸ் குரோஸின் ஆய்வுகள் பிரித்துக் காட்டின. முகத்தை இறுக்கி அடக்கி வைத்திருப்பவருக்கு உள்ளே உடல் கிளர்ச்சி இறங்குவதில்லை. அந்த நேரத்தில் சொல்லப்பட்டதை நினைவில் வைத்திருக்கும் திறனும் குறைகிறது. வோக்கி டோக்கியில் வந்த இலக்கத்தைத் திரும்பக் கேட்கிறவர் கவனமில்லாதவராகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. முகத்தைக் காப்பாற்றுவதில் முழுக் கவனத்தையும் செலவழித்தவராகவும் இருக்கலாம்.

இரண்டாவது காரணம் மொழி. திருகோணமலையில் தமிழும் சிங்களமும் ஒரே தெருவில் பேசப்படுகின்றன. தமிழிலும் மூதூர், கிண்ணியா முஸ்லிம் பேச்சு வேறு, நகரத்துப் பேச்சு வேறு. மனத்துயரை உடம்பின் சொல்லால் சொல்வது எங்கள் வழக்கம்: “நெஞ்சு அடைக்குது”, “வயிறு பத்தி எரியுது”, “தலை விறைக்குது”. மகனைக் கடலில் பறிகொடுத்த தாய் “நெஞ்சு அடைக்குது” என்றால் அது துயரமா, மாரடைப்பா? தமிழ் நன்றாகத் தெரிந்தவருக்கே குழப்பம்; இரண்டாம் மொழியாகப் பேசுகிறவர் ஒன்றில் நோயைத் தவறவிடுவார், இல்லாவிட்டால் துயரத்துக்கு மருந்து தேடுவார். இங்கே பாதுகாப்பான விதி ஒன்றுதான்: சொல்லை வைத்துத் தீர்மானிக்காமல் நாடி, இரத்த அழுத்தம், ஒக்சிசன் அளவு பார்த்து, வியர்க்கிறதா, கை, தாடைக்கு வலி பரவுகிறதா என்று கேட்டுவிட்டு, அதன் பிறகுதான் துயரம் என்று முடிவுகட்ட வேண்டும். பரிசோதிக்கிற கையே ஆறுதலாகவும் அமையும். ஒரே நேரத்தில் இரண்டு வேலை.

ஆய்வு முடிவுகளை எப்படிப் படிப்பது?

இந்தத் துறையில் வரும் ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. பணியாளருக்கு மூன்று வினாக்கொத்து கொடுப்பார்கள். மனவெழுச்சி நுண்ணறிவுக்கு வொங், லோ இருவரும் 2002இல் வெளியிட்ட 16 கூற்று அளவுகோல் பிரபலம். பதகளிப்புக்கு ஒன்று, வேலைத்திறனுக்கு ஒன்று. பிறகு பதகளிப்பு “இடைநிலை மாறியாக” நிற்கிறதா என்று கணக்குப் பார்ப்பார்கள்.

இடைநிலை என்றால் என்ன என்பதை விளக்கக் கற்பனையாகச் சில இலக்கங்கள் எடுக்கலாம். நுண்ணறிவிலிருந்து பதகளிப்புக்கு −0.4, பதகளிப்பிலிருந்து வேலைத்திறனுக்கு −0.3 என்று வைத்தால், இரண்டையும் பெருக்க +0.12. மொத்தத் தாக்கம் 0.30 என்றால், அதில் 0.12 பதகளிப்பின் வழியாகப் போகிறது, மிச்சம் 0.18 வேறு வழியில். அதாவது பதற்றம் குறைவது கதையின் ஒரு பகுதிதான். உறவினரைச் சமாளித்தல், சக பணியாளரோடு ஒத்துழைத்தல் போன்றவை மற்ற வழியில் இருக்கலாம். 0.30 என்ற தொடர்பை வர்க்கித்தால் 0.09, ஆட்களுக்கிடையிலான வேறுபாட்டில் 9 சதவீதத்தையே அது விளக்குகிறது. மிச்சம் 91 சதவீதத்தில் பயிற்சி, அனுபவம், நித்திரை, உபகரணம், வீதி எல்லாம் இருக்கின்றன.

அப்படி ஓர் அறிக்கை கைக்கு வந்தால் மூன்று கேள்வி போதும்:

1. மூன்றையும் ஒரே ஆள், ஒரே நாளில், தானே நிரப்பினாரா? அப்படியென்றால் அன்று நல்ல மனநிலையில் இருந்தவர் மூன்றிலும் நல்ல புள்ளி போட்டிருப்பார். தொடர்பு ஊதிப்பெருக்கும்.
2. ஒரு தடவை மட்டும் அளந்தார்களா? அப்படியென்றால் எது காரணம், எது விளைவு என்று சொல்ல முடியாது. வேலை நன்றாகப் போகிறவருக்குப் பதகளிப்பு குறைவது இயல்புதானே.
3. வேலைத்திறனை யார் அளந்தது? மேலதிகாரியா, பாவனைப் பயிற்சியின் நடுவரா, பணியாளர் தானா?

2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு இன்னும் கறாரானது. தானே நிரப்பும் வினாக்கொத்தில் வரும் மனவெழுச்சி நுண்ணறிவுப் புள்ளியிலிருந்து ஆளுமைக் குணங்கள், பொது நுண்ணறிவு, தன்னம்பிக்கை முதலியவற்றைக் கழித்துவிட்டால், வேலைத்திறனோடு உள்ள தொடர்பு கிட்டத்தட்டப் பூச்சியத்துக்கு இறங்குகிறது என்று அது காட்டியது. ஆகவே ஆட்சேர்ப்பு நேர்முகத்தில் ஒரு வினாக்கொத்தைக் கொடுத்து, புள்ளி குறைந்தவரை வீட்டுக்கு அனுப்புவது வீண்வேலை. அதைவிட மோசமானது, விபத்தொன்றில் பிழை நடந்தபின் “இவருக்கு மனவெழுச்சி நுண்ணறிவு போதாது” என்று கோப்பில் எழுதி, அந்த மாதம் அவர் எத்தனை இரவு தொடர்ந்து கடமை பார்த்தார் என்பதை மூடிவிடுவது. நான்கு திறன்களில் பழக்கித் திருத்தக்கூடிய பகுதியைப் பழக்குவதே பிரயோசனம்.

பழக்குவது எப்படி? அழைப்பு வந்ததிலிருந்து கையளிப்பு வரை

*வண்டி கிளம்பும்போது.* புல்மோட்டைப் பக்கமிருந்து நகருக்கு ஐம்பது கிலோமீற்றருக்கு மேல். போகும் நேரம் பதகளிப்பு ஊறும் நேரம். இதில் செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது பெயரிடல்: “எனக்கு நெஞ்சு அடிக்குது, பிள்ளைக் கேஸ் என்றபடியால்” என்று பக்கத்திலிருப்பவரிடம் ஒரு வரி. உணர்ச்சிக்குச் சொல் கொடுக்கும்போது மூளையின் அபாய மணியான அமிக்டலாவின் துடிப்புக் குறைவதை 2007இல் மூளைப் படப்பிடிப்பு ஆய்வு ஒன்று காட்டியது. இரண்டாவது மூச்சு: 4 விநாடி உள்ளே, 6 விநாடி வெளியே, ஒரு நிமிடம், ஆறு மூச்சு. வெளிமூச்சு நீண்டால் இதயத்துடிப்பு இறங்கும். வாகனம் ஓட்டுகிறவர் கண்ணை மூடத் தேவையில்லை. மூன்றாவது பங்கீடு: யார் தலைப்பக்கம், யார் நெஞ்சு, யார் உறவினரோடு பேசுவது என்று இறங்குமுன் தீர்ப்பது. மருந்தளவை எடைவாரியாக எழுதிய மட்டையொன்று பையின் மேல் மடிப்பில் இருந்தால் அந்தக் கணக்கை மனம் சுமக்கத் தேவையில்லை.

*தண்ணீரில் என்றால்.* ஒழுங்கு மாறக்கூடாது: கரையிலிருந்து எட்டிக் கொடு, எட்டாவிட்டால் கயிறோ மிதவையோ எறி, அதுவும் ஏலாவிட்டால் வள்ளத்தில் போ, கடைசியில்தான் நீந்து. பதறுகிறவர் இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கி முதலில் குதிப்பார். காப்பாற்றப் போய்த் தானும் மூழ்குகிறவர்கள் பலர் இப்படித்தான் போகிறார்கள். நீந்திப் போனாலும் இரண்டு மூன்று மீற்றர் தள்ளி நின்று, மிதவையை இருவருக்கும் நடுவில் தள்ளி, “இதைப் பிடியுங்கோ, காலை அடியுங்கோ” என்று குறுகிய கட்டளையாகச் சொல்ல வேண்டும். “பயப்படாதீங்கோ” என்பதால் ஒரு பலனும் இல்லை. மூழ்குகிறவருக்குச் செய்ய ஒரு வேலை வேண்டும். கரை சேர்ந்தபின் மூச்சில்லை என்றால் சிபிஆரை மூச்சோடு தொடங்குவார்கள். மூழ்கியவருக்கு முதல் பற்றாக்குறை ஒக்சிசன்.

*சம்பவ இடத்தில்.* தாளத்தை மனதை நம்பி விடக்கூடாது. கைத்தொலைபேசியில் நிமிடத்துக்கு 110 அடிக்கும் மெட்ரோனோம் ஒலியை ஓடவிடலாம். இல்லாவிட்டால் ஒருவர் சத்தமாக எண்ணலாம். 2 நிமிடத்துக்கு ஒருமுறை கை மாற வேண்டும். “எனக்குக் களைக்கல்ல” என்று சொல்வதைக் கேட்கக்கூடாது. களைப்பு கைக்குத் தெரியுமுன் ஆழம் குறைந்துவிடும். கட்டளை பெயரோடு போக வேண்டும், கேட்டவர் திரும்பச் சொல்ல வேண்டும், முடிந்ததும் அறிவிக்க வேண்டும்: “தம்பி, அட்ரினலின் 1 மில்லிகிராம்” – “அட்ரினலின் 1 மில்லிகிராம், சரி” – “ஏற்றியாச்சு, 10.42”. பதற்றத்தில் விழுந்துபோகும் தகவலை இந்த மூன்று வரி பிடித்துவைக்கும்.

உறவினரில் ஒருவரைத் தெரிந்தெடுத்து அவருக்கு வேலை கொடுப்பது நல்ல உத்தி: நோயாளியின் மருந்துப் பை, கிளினிக் கொப்பி, அடையாள அட்டை எடுத்துவரச் சொல்வது. சனக்கூட்டத்தில் கோபப்படுகிற ஆள்தான் பல நேரம் மிக நெருங்கிய சொந்தம். அவருக்கு “கத்தாதீங்கோ” என்று திருப்பிக் கத்தாமல், ஒரு மூச்சு விட்டு, குரலை அவருடையதைவிடத் தாழ்த்தி, “அண்ணன், மூச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கிறம். இரண்டு நிமிடத்தில் வண்டியில் ஏற்றுவம். நீங்கள் முன்சீட்டில் வாங்கோ” என்று நேரத்தோடு சொன்னால் முக்கால்வாசி இறங்கும். சொன்ன இரண்டு நிமிடத்தைக் காப்பாற்றவும் வேண்டும்.

*கையளிப்பில்.* விபத்துப் பிரிவில் ஐந்து வரி: வயதும் நேரமும், நடந்தது, கண்ட காயம், கடைசி அளவீடுகள், கொடுத்தது. நேரங்களைக் கையுறையிலோ ஒட்டுநாடாவிலோ அப்போதே குறித்திருந்தால் மட்டும் சொல்லலாம். நினைவிலிருந்து எழுதும் நேரம், மேலே சொன்ன ஆய்வின்படி, நம்பத்தகாத நேரம்.

பயிற்சியை மண்டபத்தில் வைப்பதைவிட, மழைக்காலத்துக்கு முன் கிண்ணியாக் களப்பில் வள்ளத்தோடு, ஒருவர் தாயாகக் கதற, ஒருவர் குறுக்கே படம்பிடிக்க, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரை நாள் நடத்தலாம். நெருக்கீட்டைச் சிறிது சிறிதாக ஏற்றிப் பழக்கினால் கை தன் தாளத்தைக் கண்டுகொள்ளும்.

கடமை முடிந்த பிறகு

கடும் சம்பவத்துக்குப் பிறகு எல்லோரையும் வட்டமாக இருத்தி, கண்டதை ஒவ்வொருவராக விவரிக்கச் சொல்லும் முறை ஒன்றை 1983இல் ஜெப்ரி மிச்சல் அமெரிக்கத் தீயணைப்பு, அவசர சேவையாளருக்காக வகுத்தார். நல்லெண்ணத்தில் உலகம் முழுக்கப் பரவியது. பிறகு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இப்படியான ஒற்றை அமர்வு மனவடு நோயைத் தடுப்பதாகத் தெரியவில்லை. சிலருக்குக் கெடுதியும் செய்கிறது. கட்டாயப்படுத்திக் கிளறுவதுதான் பிழை. உலக சுகாதார நிறுவனத்தின் 2011ஆம் ஆண்டு உளவியல் முதலுதவிக் கையேடு சொல்வது மூன்று சொல்: பார், கேள், இணை. சாப்பிட்டாரா, நித்திரை கொண்டாரா என்று பார். பேச விரும்பினால் கேள். தேவையான ஆளோடு இணைத்துவிடு. தேநீர்க் கோப்பையோடு பக்கத்தில் இருக்கும் மூத்த பணியாளர் இதைச் செய்யலாம். வேலை நுட்பம் பற்றிய மீளாய்வை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

தன்னைத்தானே பார்க்க, பதகளிப்பை அளக்கும் ஜிஏடி-7 என்ற வினாக்கொத்து உதவும். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஏழு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 21. 5 முதல் லேசானது, 10 முதல் நடுத்தரம், 15 முதல் கடுமை. 10ஐத் தொட்டால் வைத்தியரைப் பார்ப்பது நல்லது. அதே காட்சி திரும்பத் திரும்ப வருவது, அந்த வீதியால் போக மறுப்பது, சத்தத்துக்குத் திடுக்கிடுவது ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்; மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கோ 1926 என்ற உளநல உதவி இலக்கத்துக்கோ பேசலாம். இந்தப் புள்ளி மேலதிகாரியின் மேசைக்குப் போகும் என்று தெரிந்தால் எல்லோரும் பூச்சியம் போடுவார்கள். ஆகவே தாள் நிரப்பியவரிடமே இருக்க வேண்டும்.

வீடும் அதே கரையில்தான்

வெளிநாட்டு ஆய்வுகள் அதிகம் தொடாத ஒரு பதகளிப்பு இங்கே உண்டு. பாதிக்கப்பட்டவரும் மீட்பவரும் ஒரே ஊர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மகாவலி பெருகியபோது, மூதூர், வெருகல் பக்கத்தில் கடமைக்கு நின்றவர்களில் பலரின் வீடும் அந்தப் பக்கம்தான். தொலைபேசிக் கோபுரம் விழுந்து வீட்டோடு தொடர்பு அறுந்த ஒருவருக்கு ஆழ்மூச்சைச் சொல்லிக் கொடுத்துப் பயனில்லை. அவருடைய செயல்படு நினைவில் பாதியை “பிள்ளைகள் எங்கே” என்ற கேள்வி பிடித்திருக்கும். எந்த நெறிப்படுத்தலும் அதை விரட்டாது, தகவல் மட்டுமே விரட்டும்.

இதற்கான ஏற்பாடு மழைக்கு முன்பே ஒரு கொப்பியில் தொடங்கும். நிலையத்திலுள்ள ஒவ்வொருவரின் குடும்பமும் எந்தப் பாடசாலைக்கோ கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ இடம்பெயரும், அந்தப் பகுதியின் கிராம உத்தியோகத்தர் யார், வேறொரு ஊரிலுள்ள எந்தச் சொந்தக்காரருக்குச் சேதி போகும் என்று ஆளுக்கு ஒரு வரி. கடமை தொடங்கும்போது அந்த வரிகளைச் சரிபார்ப்பதற்கு ஒருவரை ஒதுக்க வேண்டும். சேதி வந்ததும் வோக்கி டோக்கியில் களத்துக்குச் சொல்ல ஒரு சொல் போதும்: “வீடு சரி.”